மண்ணுக்கு ஒரு பேண்டேஜ்

ராஜபாளையம் பக்கத்துல இருக்கிற சத்திரப்பட்டி, பேண்டேஜ் துணிக்குப் பேர்போன ஊர். இன்னிக்கு நாம பேசப் போறது, மண்ணோட காயத்துக்குத் துணி கட்டின கதை.

மண்ணுக்கு என்ன காயம்? ரோடு போட மலைச்சரிவை வெட்டுறோம். பிளாட் போட நிலத்தை வழிச்சு விடுறோம். புல்லும் வேரும் இல்லாத வெறும் மண்ணுல மழைத்துளி விழுந்ததும் துகள்கள் தெறிச்சுக் கிளம்பும். ஓடுற தண்ணி அதை அள்ளிட்டுப் போகும். மலையடிவாரத்துல இருக்கிற ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதியில அது போய்ச் சேர்ற இடம், கண்மாய். மண் சேரச் சேர, கண்மாய்ல நிக்கிற தண்ணி குறையும்.

நம்ம ஊர் பழைய வழி, சேர்ந்த மண்ணை அள்ளுறது. ஊரே கூடித் தூர்வாரி, வண்டலை வயலுக்கு அடிப்பாங்க. அதுதான் குடிமராமத்து. 2017-ல தமிழக அரசு அதே பேர்ல ஒரு திட்டமே கொண்டு வந்துச்சு.

சரி, மண்ணைக் கிளம்ப விடாமலே தடுக்க முடியாதா? அதுக்கான துணியோட வரலாறு ரோட்டுல ஆரம்பிக்குது. 1926-ல அமெரிக்காவோட சவுத் கரோலினாவுல, ரோட்டுக்குள்ள பருத்தித் துணியை விரிச்சுப் பார்த்தாங்க. துணி மக்குற வரைக்கும் ரோட்டுல விரிசல் குறைஞ்சது. அந்த மக்குறதுதான் பிரச்சினை. 1953-ல நெதர்லாந்துல கடல் புகுந்து 1,800 பேருக்கு மேல இறந்தாங்க. அதுக்கப்புறம் நடந்த தடுப்பணை வேலைகள்ல, மக்காத நைலான் துணி வந்துச்சு. 1977-ல ஜே.பி. ஜிரூ என்ற பொறியாளர் இதுக்கெல்லாம் ‘ஜியோடெக்ஸ்டைல்’னு பேர் வெச்சார்.

கட்டட வேலை நடக்கிற இடத்தோட ஓரத்துல, கம்பு நட்டு இந்தத் துணியை வேலி மாதிரி கட்டுவாங்க. துணி மண்ணை வடிகட்டுதுன்னு நினைப்போம். உண்மையில அது தண்ணியைக் கொஞ்ச நேரம் தேக்குது, அதுக்குள்ள மணல் அடியில படியுது. ஆனா களிமண் அவ்வளவு சீக்கிரம் படியாது, கலங்கலாவே வெளியே போயிடும். அதனால வேலியை மட்டும் நம்பாம, சரிவையே மூடுறது நல்லது.

அங்கதான் நம்ம தேங்காய் நார் வலை வருது. சரிவுல விரிச்சு, முளை அடிச்சு, புல் விதைப்பாங்க. மழைத்துளியோட அடியை வலை வாங்கிக்கும். சில வருஷத்துல அது மக்கும்போது, மண்ணைப் பிடிச்சுக்க வேர் தயாரா இருக்கும். பிளாஸ்டிக் குப்பையும் மிஞ்சாது.

1926-ல ரோட்டுல குறையா இருந்த அதே மக்குற குணம், மலைச்சரிவுல பலமாகுது. காயம் ஆறின பிறகு பேண்டேஜ் எதுக்கு? ஆனா ஒண்ணு, ஐப்பசி மழை கொட்ட ஆரம்பிச்ச பிறகு விரிச்சா பிரயோஜனம் இல்ல. மண்ணை வெட்டின கையோட விரிக்கணும்.