ஒரே பவர், இரண்டு பூர்வீகம்

மாத்தளையில் ஒரு கண்ணாடிக் கடை மேசையில் போன வாரம் இரண்டு கண்ணாடிகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. இரண்டும் மைனஸ் எட்டு, வில்லையின் ஓரம் பிஸ்கட் தடிப்பு. ஒன்று நாலு வயதுப் பையனுடையது; கழன்று விழாமலிருக்கப் பின்னால் ரப்பர் பட்டி. மற்றது ஏ.எல். படிக்கிற பிள்ளைக்கு. "ரெண்டும் பரம்பரைதான்" என்றார் கடைக்காரர். சரிதான், ஆனால் ஒரே பரம்பரை இல்லை.

வளர்ந்தவர் கண் சுமார் 24 மில்லிமீட்டர் நீளம். ஒரு மில்லிமீட்டர் கூடினால் பவர் இரண்டரை அளவுக்கு ஏறும். மைனஸ் ஆறைத் தாண்டினால் கடும் குறும்பார்வை. இதுவரை இரண்டு பிள்ளைகளின் கண்ணும் ஒன்றுதான்.

பள்ளிக்கூடம் போகுமுன்பே இவ்வளவு ஏறியிருந்தால் ஒற்றை மரபணுப் பிழையைச் சந்தேகிக்க வேண்டும். அண்ணம் பிளந்து பிறந்ததா, காது மந்தமா, மூட்டு வலிக்கிறதா? அப்படியானால் ஸ்டிக்லர் நோயாக இருக்கலாம். பெரும்பாலும் கொலாஜன் மரபணுப் பிழை. நெடுநெடு உயரம், நீண்ட விரல், இடம் விலகிய கண்வில்லை என்றால் மார்ஃபன் நோயாக இருக்கலாம். நம்மவர்களிடம் இதற்கெல்லாம் ஒரே விளக்கம்: 'சொந்தத்துக்குள்ள கட்டினது.' மேற்சொன்ன இரண்டுக்கும் சொந்தம் தேவையில்லை. தாய் தகப்பனில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டுவது வேறு வகைக்குத்தான் வழிவிடுகிறது. உதாரணத்துக்கு, எல்ஆர்பிஏபி1 என்ற மரபணுவின் பிழை தாய் தகப்பன் இருவரிடமும் சத்தமில்லாமல் இருந்து, நாலில் ஒரு பிள்ளையில் வெளிப்படும்.

ஏ.எல். பிள்ளையின் கதை தரம் மூன்றில் மைனஸ் ஒன்றில் தொடங்கியது. இங்கே குற்றவாளி ஒருவரில்லை, கூட்டம். 2020இல் ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுவை ஆராய்ந்தவர்கள் 449 இடங்களைக் குறித்தார்கள். ஒவ்வொன்றும் கண்ணைக் கொஞ்சமாகத் தள்ளும்; மீதியைத் தள்ளுவது வாழ்க்கை. சீன வம்சப் பிள்ளைகளை ஆறேழு வயதில் ஒப்பிட்டபோது சிங்கப்பூரில் 29.1 சதவீதத்துக்குக் குறும்பார்வை, சிட்னியில் 3.3 மட்டும். பெற்றோரின் குறும்பார்வை இரு ஊரிலும் கிட்டத்தட்ட சமம். சிட்னிப் பிள்ளைகள் வாரம் பதின்மூன்று மணிநேரத்துக்கு மேல் வெளியில், சிங்கப்பூரில் மூன்று. பகல் வெளிச்சம் விழித்திரையில் டோபமைனைச் சுரக்க வைத்து, கண் நீள்வதை மட்டுப்படுத்துகிறது என்பது பலர் ஏற்கும் விளக்கம். புலமைப் பரிசிலுக்காகப் பள்ளி விட்டதும் டியூசனில் அடைபடும் நம் தரம் ஐந்துப் பிள்ளைகளை நினைத்தால் எனக்குச் சிட்னி ஞாபகம் வருவதில்லை. தோட்டத்துப் பாட்டிக்குத் தூரத்து மலை தெரிந்தது, பேத்திக்குக் கரும்பலகை தெரியவில்லை என்றால், இரண்டு தலைமுறையில் மாறியது மரபணு அல்ல.

விழித்திரை கழன்று வரும் ஆபத்து அந்த மைனஸ் எட்டுப் பிள்ளைகள் இருவருக்கும் உண்டு. கண்ணில் மின்னல் வெட்டினாலோ, திடீரெனக் கரும்புள்ளிகள் மிதந்தாலோ அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். கண்ணாடி போட்டதால் ஆபத்து போய்விடாது; அது கண்ணின் நீளத்தைக் குறைக்காது.

சின்னவனின் கண்ணாடியை எடுக்க வந்த தாயின் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. அதன் கண்ணையும் சொட்டு மருந்து விட்டு ஒருமுறை பார்க்கச் சொன்னேன்.