பிளாஸ்டிக் கூம்பா, களி கிண்டும் கட்டையா? ஆக்குபேஷனல் தெரபியில் நடக்கும் விவாதம் என்ன? | விளக்கம்

பக்கவாதம் வந்து கை விழுந்துபோன ஒருவரை மேசை முன் உட்கார வைத்து, பிளாஸ்டிக் கூம்புகளை அடுக்கச் சொல்வது சரியான சிகிச்சையா? இல்லை, அந்தக் கையால் அவர் தினமும் பார்த்த வேலையையே திரும்பச் செய்ய வைப்பதுதான் சிகிச்சையா? ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகளுக்குள் பல ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கும் கேள்வி இது.

கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியலாம். ஆனால் விவசாயக் கூலி, கட்டட வேலை, பட்டுப்புழு வளர்ப்பு என உடம்பை நம்பியே பிழைப்பு ஓடும் தருமபுரி மாதிரியான மாவட்டத்தில், ஒருவர் வேலைக்குத் திரும்புவாரா, திண்ணையோடு முடங்குவாரா என்பது இந்தக் கேள்விக்கான பதிலைப் பொறுத்தும் இருக்கிறது.

ஆக்குபேஷனல் தெரபி என்றால் என்ன?

தமிழில் இதைத் தொழில்முறை சிகிச்சை, செயல்முறை சிகிச்சை என இரண்டு விதமாகவும் எழுதுகிறார்கள். 'தொழில்' என்றதும் வேலைவாய்ப்புப் பயிற்சி என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். அது இல்லை. இலக்கணத்தில் 'தொழிற்பெயர்' என்கிறோமே, அங்கே தொழில் என்றால் செயல். இங்கேயும் அதே பொருள்தான். குளிப்பது, சேலை கட்டுவது, சோறு பிசைந்து சாப்பிடுவது, பேருந்து ஏறுவது, குழந்தை பென்சில் பிடித்து எழுதுவது, வயலில் களை எடுப்பது என ஒரு மனிதரின் நாளை நிரப்பும் எல்லாமே 'ஆக்குபேஷன்'. நோய், விபத்து, பிறவிக் குறைபாடு, மனநலப் பாதிப்பு ஆகியவற்றால் இதெல்லாம் தடைபடும்போது, அவற்றைத் திரும்பச் செய்ய வைப்பதே இந்தச் சிகிச்சையின் நோக்கம்.

இயன்முறை மருத்துவத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பிசியோதெரபி எனப்படும் இயன்முறை மருத்துவம் பெரும்பாலும் தசை வலு, மூட்டு அசைவு, நடை, வலி ஆகியவற்றில் கவனம் வைக்கும். ஆக்குபேஷனல் தெரபி அந்த அசைவை வைத்து ஆள் என்ன செய்யப்போகிறார் என்று கேட்கும். "கை நல்லாத்தான் தூக்குறாரு, ஆனா சட்டை பட்டன் போட முடியல" என்று வீட்டில் சொல்வார்களே, அந்த இடைவெளிதான் இவர்களின் வேலைக்களம். இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டியில்லை. பல நோயாளிகளுக்கு இரண்டும் தேவைப்படும்.

எங்கே, எப்போது தொடங்கியது?

1917-ல் அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் உள்ள கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் ஊரில் இந்தத் துறைக்கான முதல் சங்கம் உருவானது. தொடக்க காலத்தில் நெசவு, மரவேலை, கூடை பின்னுதல் போன்ற நிஜ வேலைகளே சிகிச்சையாக இருந்தன. பிறகு மருத்துவமனைகள் பெரிதாகி, 'அளந்து காட்டு' என்ற அழுத்தம் வந்தபோது, வேலைகள் ஒதுங்கி உடற்பயிற்சிக் கருவிகள் உள்ளே வந்தன.

இந்தியாவில் இதைத் தொடங்கி வைத்தவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து இங்கேயே வாழ்ந்த அவர், 1950-ல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இதற்கான பயிற்சிப் பள்ளியைத் தொடங்கினார். 1952-ல் அகில இந்திய ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் சங்கம் உருவானது. அதே ஆண்டு உருவான உலகக் கூட்டமைப்பின் 10 நிறுவன உறுப்பு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

தமிழ்நாட்டிலும் இதற்கு ஒரு முன்கதை உண்டு. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தியவர் டாக்டர் பால் பிராண்ட். கை நிமிர்ந்தவர்கள் ஊருக்குப் போனபோதுதான் அடுத்த சிக்கல் தெரிந்தது. கை சரியாகிவிட்டதால் பிச்சை கிடைக்கவில்லை. தொழில் தெரியாததாலும் நோய் மீதான பயத்தாலும் வேலையும் கிடைக்கவில்லை. 1950களின் தொடக்கத்தில் அங்கே உருவான 'நவஜீவ நிலையம்' இதற்கான பதில். மரவேலை, பொம்மை செய்தல் போன்றவற்றை, உணர்ச்சியற்ற விரலில் காயம் படாமல் செய்யும் விதத்தோடு சேர்த்துக் கற்றுக்கொடுத்தார்கள். கையைச் சரிசெய்வது பாதி வேலைதான், அந்தக் கைக்கு ஒரு செயலைக் கொடுப்பது மீதிப் பாதி என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் உதாரணம் குறைவு.

சரி, இப்போது என்ன விவாதம்?

1998-ல் அமெரிக்க ஆய்வாளர் ஆன் ஃபிஷர் ஆற்றிய உரை இந்த விவாதத்தைக் கூர்மையாக்கியது. தெரபிஸ்டுகள் செய்வதை அவர் வகை பிரித்தார். அதை நம்மூர் உதாரணத்தோடு இப்படிப் புரிந்துகொள்ளலாம்:

• வெறும் பயிற்சி: ரப்பர் பந்தை 20 முறை அமுக்குவது.
• பாவனை வேலை: பலகையில் பொருத்திய பட்டன்களைப் போட்டுக் கழற்றுவது.
• நிஜ வேலை: காலையில் குளித்துவிட்டுத் தன் சட்டையைத் தானே போடுவது.
• மாற்று வழி: பட்டனுக்குப் பதில் ஒட்டும் பட்டை தைத்து, ஒரே கையால் போடப் பழகுவது.

கடைசி இரண்டும்தான் இந்தத் துறையின் தனித்துவம், முதல் இரண்டிலேயே நேரம் போய்விடக் கூடாது என்பதே வாதத்தின் சாரம். 2018-ல் அமெரிக்க ஆக்குபேஷனல் தெரபி சங்கம் 'யோசித்துத் தேர்ந்தெடுங்கள்' என்ற இயக்கத்தின்கீழ் வெளியிட்ட 5 பரிந்துரைகளில் ஒன்று, கூம்பு அடுக்குதல், குச்சி செருகுதல், கையால் பெடல் சுற்றுதல் போன்ற நோக்கமற்ற செயல்களைத் தர வேண்டாம் என்று பெயர் சொல்லியே சொன்னது.

நிஜ வேலை வேண்டும் என்பவர்களின் வாதம்

ஒன்று, மூளை பொதுவாகப் பழகுவதில்லை. எதைச் செய்கிறோமோ அதில்தான் அதிகம் தேறுகிறது. கூம்பு அடுக்கிப் பழகியவர் கூம்பு அடுக்குவதில் தேறுவார். தம்ளரைச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோவது தானாக வந்துவிடும் என்று சொல்ல முடியாது. அன்றாடச் செயல்களையே திரும்பத் திரும்பப் பழக வேண்டும் என அமெரிக்க இதய சங்கத்தின் 2016 பக்கவாத மறுவாழ்வு வழிகாட்டுதலும் வலியுறுத்துகிறது.

இரண்டு, மனசு. 'இதை எதுக்குச் செய்யச் சொல்றாங்க' என்று புரியாத பயிற்சியை வீட்டுக்குப் போனதும் யாரும் தொடர்வதில்லை. தருமபுரி பக்கம் ஒரு பாட்டிக்குக் கேழ்வரகுக் களி கிண்டுவது அரை நூற்றாண்டுப் பழக்கம். இரண்டு கையும், தோளும், இடுப்பும், கட்டி தட்டாமல் பார்க்கும் கவனமும் ஒரே நேரத்தில் வேலை செய்யும் செயல் அது. அடுப்பை அணைத்து, பாத்திரத்தை உயரம் சரிசெய்து வைத்து, பாதுகாப்பாகச் செய்ய வைத்தால் அதுவே பயிற்சி, அதுவே பரிசோதனையும்.

நடைமுறையைப் பேசுபவர்களின் வாதம்

எதிர்த்தரப்பை சோம்பேறித்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. புறநோயாளிப் பிரிவில் ஒருவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். வரிசையில் இன்னும் பலர் இருப்பார்கள். அடுப்படி, தரையில் உட்காரும் இடம், இந்தியக் கழிப்பறை மாதிரி என எதுவுமே இல்லாத அறையில் நிஜ வேலையை எங்கே வைத்துச் செய்வது? கூம்பைத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுக்கலாம், களிப் பாத்திரத்தை அப்படிக் கொடுக்க முடியாது.

மருத்துவ ரீதியான காரணமும் உண்டு. விரலே அசையாத முதல் வாரங்களில், தசைநார் தைத்த கையில், தீக்காயம் ஆறும் கட்டத்தில் தயார்ப்படுத்தும் பயிற்சிதான் முதலில் வரும். நோயாளிகளின் எதிர்பார்ப்பும் சேர்ந்துகொள்கிறது. "வீட்ல செய்யுற வேலையச் செய்யவா பஸ் ஏறி வந்தேன்? கரண்ட் வைங்க" என்று கேட்பவர்களுக்குக் கருவிதான் வைத்தியமாகத் தெரிகிறது.

இரு தரப்பும் பெரும்பாலும் ஒத்துப்போகும் இடம் ஒன்று உண்டு: பயிற்சி படிக்கட்டாக இருக்கலாம், அதிலேயே நின்றுவிடக் கூடாது.

'அர்த்தமுள்ள வேலை' எது? யார் முடிவு செய்வது?

விவாதத்தில் சிக்கலான பகுதி இது. மாமியாருக்குப் பக்கவாதம் வந்தால் மருமகள் அடுப்படியை ஏற்றுக்கொள்வார். மாமியாரைத் திரும்பச் சமைக்க வைப்பது அவருடைய ஆசையா, இல்லை வீட்டின் தேவையா? கூலி வேலைக்குப் போன பெண் 'இனிமே கொஞ்சம் உட்காரணும்' என்று நினைத்தால் அதற்கு மதிப்பு உண்டா? 'எல்லாவற்றையும் தானே செய்ய வேண்டும்' என்ற மேலைநாட்டு இலக்கு, பார்த்துக்கொள்வதையே பாசமாக நினைக்கும் குடும்பத்தில் அப்படியே பொருந்துமா?

இதற்காக 1991-ல் கனடாவில் ஒரு அளவீட்டு முறை உருவாக்கப்பட்டது. தெரபிஸ்ட் பட்டியல் போடுவதில்லை. எந்த வேலை தனக்கு முக்கியம் என்று நோயாளியே சொல்லி, அதை எவ்வளவு நன்றாகச் செய்கிறார், எவ்வளவு திருப்தி என 1 முதல் 10 வரை மதிப்பெண் கொடுக்கிறார். சிகிச்சைக்குப் பின் 2 மதிப்பெண் கூடினாலே அது பொருட்படுத்தத்தக்க முன்னேற்றம். 'அளக்க முடியாது' என்ற பழைய குறைக்கு இது ஒரு பதில்.

தருமபுரிக்கு இது ஏன் முக்கியம்?

தருமபுரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல ஆண்டுகள் அதைக் குடித்தவர்களுக்குப் பல் கறை மட்டுமல்ல, எலும்பு ஃபுளோரோசிஸும் வரலாம். முதுகும் கழுத்தும் மூட்டுகளும் இறுகிப்போகும். இதற்காகவே ஜப்பான் நிதியுதவியுடன் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு, 2013-ல் பயன்பாட்டுக்கு வந்தது. நல்ல தண்ணீர் புதிய பாதிப்பைத் தடுக்கும். ஆனால் ஏற்கெனவே இறுகிய எலும்பைப் பழைய நிலைக்குக் கொண்டுவர மருந்து இல்லை. அப்படிப்பட்டவருக்கு, குனியாமல் களை எடுக்க நீளக் கைப்பிடி, பிடி வலுவில்லாத கைக்குப் பழைய சைக்கிள் டியூப் சுற்றிய அரிவாள், மல்பெரி இலை போட இடுப்பு உயரத் தட்டு என வேலை செய்யும் விதத்தை மாற்றுவதுதான் மிச்சமிருக்கும் வழி. அது ஆக்குபேஷனல் தெரபியின் வேலை.

பெங்களூரு, திருப்பூர் என்று கட்டட வேலைக்குப் போய், விழுந்து முதுகுத்தண்டு அடிபட்டுத் திரும்புபவர்களுக்கும் இது பொருந்தும். சித்தேரி, வத்தல்மலை போன்ற மலைக் கிராமங்களில் சக்கர நாற்காலி உருளும் பாதை இருக்கிறதா என்று பார்க்காமல் நாற்காலி மட்டும் கொடுத்தால் அது மூலையில்தான் நிற்கும்.

எங்கே கிடைக்கும்?

2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்து மாவட்டமான கிருஷ்ணகிரியின் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீடு தேடி வருகிறது. உலக வங்கி உதவியுடன் நடக்கும் தமிழ்நாடு உரிமைகள் திட்டத்தின் 'விழுதுகள்' சேவை மையங்களில் ஆக்குபேஷனல் தெரபியும் அடங்கும். 18 வயது வரையிலான குழந்தைகளுக்கு மாவட்ட தொடக்கநிலை இடையீட்டு மையத்திலும், பள்ளிக் குழந்தைகளுக்கு வட்டார வள மையத்திலும் விசாரிக்கலாம். மற்றவர்கள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் கேட்கலாம்.

சிகிச்சை தருபவர் தகுதி பெற்றவரா என்று கேட்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய துணைநிலை சுகாதாரத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின்கீழ் இந்தத் தொழிலும் வருகிறது.

சிகிச்சைக்குப் போகும்போது கேட்க வேண்டியவை

• இந்தப் பயிற்சி எந்த அன்றாட வேலைக்கு உதவும்?
• நோயாளி முதலில் எதைத் தானாகச் செய்ய ஆசைப்படுகிறார் என்று அவரிடமே கேட்டாச்சா?
• வீட்டில் இதை எந்த நேரத்தில், எந்தப் பொருளை வைத்துச் செய்யலாம்?
• முழுசாக முடியாவிட்டால் மாற்று வழி என்ன?
• நாங்கள் எதைச் செய்து கொடுக்கணும், எதைச் செய்து கொடுக்கக் கூடாது?

வீட்டின் வாசற்படி, கழிப்பறை, அடுப்படி ஆகியவற்றை போனில் நாலு போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். நோயாளி தினமும் பயன்படுத்தும் கருவி ஒன்றையும் கையோடு கொண்டுபோகலாம். தெரபிஸ்டுக்கு நேரம் குறைவாக இருந்தாலும், பேச்சு கூம்பிலிருந்து வீட்டுக்கு நகர அதுவே போதும்.