சாட்சியாகும் சுற்றுலாப் பயணி: காஷ்மீர், கொடைக்கானல், நெற்குப்பை

தமிழில் காஷ்மீர் ஒரு நிலக்காட்சி. ஏரி, படகு, பனி, ஆப்பிள், குங்குமப்பூ. 1990க்குப் பிறகு இவற்றோடு ஒரு துப்பாக்கியும் சேர்ந்துகொண்டது. மனிதர்கள் இந்தக் காட்சிக்குள் படகோட்டியாக, குதிரைக்காரராக, சால்வை விற்பவராக வருகிறார்கள். இல்லையென்றால் தீவிரவாதியாக வருகிறார்கள். இடையில் இருக்கிற பள்ளிக்கூட வாத்தியார், மின்வாரிய ஊழியர், காணாமல் போன மகனைத் தேடுகிற தாய் இவர்களெல்லாம் அநேகமாக நம் எழுத்துக்குள் வந்து சேரவே இல்லை. இந்தக் காட்சி இயற்கை தந்ததல்ல, கட்டப்பட்டது. அது கட்டப்பட்ட வரலாற்றில் நமக்கும் கை உண்டு என்பதுதான் என் வாதம்.

1

படகுவீட்டிலிருந்து தொடங்கலாம். தால் ஏரிப் படகுவீட்டை ஏதோ புராதன அழகு என்று நினைத்துக்கொண்டு நம்மாட்கள் படம் எடுக்கிறார்கள். அது ஒரு நிலச் சட்டத்தின் விளைவு. 1846 மார்ச்சில், அமிர்தசரஸ் ஒப்பந்தப்படி, ஆங்கிலேயர் காஷ்மீரை ஜம்முவின் குலாப் சிங்குக்கு 75 லட்சம் நானக்ஷாஹி ரூபாய்க்குக் கொடுத்தார்கள். மலை, ஆறு, ஆட்கள் எல்லாம் சேர்த்து ஒரே விலை. பின்னர் கோடை வெயிலுக்குத் தப்பி அங்கே வந்த வெள்ளையர்கள் நிலம் வாங்க டோக்ரா அரசு அனுமதிக்கவில்லை. தண்ணீருக்குப் பட்டா கேட்பவர் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவர்கள் படகின் மேலேயே வீடு கட்டிக்கொண்டார்கள்.

அதே காலத்தில் கரையில் என்ன நடந்தது? நில அளவை அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ் 1895இல் வெளியிட்ட நூலில் 'பேகார்' பற்றி எழுதியிருக்கிறார். கில்கிட் படைக்குச் சுமை தூக்கக் கிராமத்து விவசாயிகளைப் பிடித்துக்கொண்டு போகும் கட்டாய உழைப்பு. நம்முடைய சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறதே, அதன் உறவுமுறைதான். ஏரியில் உல்லாசம், கரையில் பேகார். காஷ்மீர் 'பூலோக சொர்க்கம்' ஆனது இந்த இரண்டின் மேலேதான்.

நிலத்தை வெளியாட்களுக்கு விடாத அந்த ஏற்பாடு 1927இல் மாநிலக் குடிமக்கள் சட்டமாயிற்று. 1954இல் 35அ பிரிவாக அரசியல் சட்டத்துக்குள் வந்தது. 2019 ஆகஸ்ட் 5இல் 370ஆம் பிரிவின் சிறப்புநிலை நீக்கப்பட்டபோது இதுவும் போயிற்று. 2020 அக்டோபரில் நிலச் சட்டங்கள் திருத்தப்பட்டு வெளியாட்கள் நிலம் வாங்க வழி திறந்தது. 'இனிமே நாமளும் காஷ்மீர்ல இடம் வாங்கலாம்' என்று அப்போது இங்கே டீக்கடைகளில் பேசிச் சிரித்ததைக் கேட்டிருக்கிறேன். சிரிப்புதான். ஆனால் அந்தச் சிரிப்பை அங்கே இருக்கிறவன் எப்படிக் கேட்டிருப்பான்?

2

இதைப் புரிந்துகொள்ள நெற்குப்பைக்காரர்களுக்குத் தத்துவம் எதுவும் தேவையில்லை. எங்கள் பக்கத்து நகரத்தார் 'கொண்டுவிக்க' பர்மாவுக்குப் போனார்கள். மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று அடுக்கடுக்காகக் கடைகள் வைத்து வட்டிக்குக் கொடுத்தார்கள். நிலம் வாங்குவது அவர்கள் நோக்கமில்லை என்று சொல்வார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தது, கடன் திரும்பவில்லை, ஈட்டுக்கு வைத்த நிலம் கைக்கு வந்தது. கீழ் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த செட்டியார் நிலம், 1938க்குள் 25 பங்காகிவிட்டது. அதற்குப் பதிலாக வந்ததுதான் 1941ஆம் ஆண்டு நிலப் பராதீனச் சட்டமும், சுதந்திர பர்மாவின் 1948ஆம் ஆண்டு நில தேசியமயச் சட்டமும்.

இன்று செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். தேக்குத் தூணைத் தடவிப் பார்க்கிறார்கள், ஆத்தங்குடிக் கல்லைப் படம் எடுக்கிறார்கள். அந்தத் தேக்கு எந்த மண்ணிலிருந்து வந்தது, எந்த விவசாயியின் வட்டி அதில் இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்காமல் இருக்கச் செய்வதே சுற்றுலாவின் வேலை. வெளியாள் நிலம் வாங்குவது குறித்த அச்சம் வெறும் மதவாதம் என்று சொல்கிறவர்கள், ஒருமுறை பர்மிய விவசாயி இருந்த இடத்திலிருந்து செட்டிநாட்டைப் பார்க்கலாம்.

3

1961இல் ஸ்ரீதரின் 'தேன் நிலவு' வெளிவந்தது. மறுமணம் செய்துகொண்ட அப்பா தேனிலவுக்குக் காஷ்மீர் போகிறார், வயதுவந்த மகளும் கூடப் போகிறாள். தால் ஏரியில் காதலும் பாட்டும். தமிழ் நடுத்தர வர்க்கம் கனவு காணும் காஷ்மீர் பெருமளவு அங்கே உருவானதுதான். அந்த வருடம் காஷ்மீரின் முதல் பெருந்தலைவர் ஷேக் அப்துல்லா ஜம்மு சிறையில் இருந்தார். 1953 ஆகஸ்டில் பதவி பறிக்கப்பட்டு அவர் கைது செய்யப்பட்ட இடம் குல்மார்க். நம்மாட்கள் பனியில் சறுக்கி விளையாடுகிற அதே குல்மார்க்தான். 1958இல் போடப்பட்ட சதி வழக்கு 1964 ஏப்ரலில்தான் திரும்பப் பெறப்பட்டது.

விஷயம் இதோடு முடியவில்லை. 1965இல் ஹஜ் பயணத்தின்போது ஷேக் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சௌ என்லாயைச் சந்தித்தார். மே மாதம் தில்லியில் வந்து இறங்கியதும் கைது. கொண்டுவந்து வைத்த இடம் ஊட்டி, பிறகு கொடைக்கானல். அந்த ஆகஸ்டில் காஷ்மீரை முன்வைத்து இந்திய-பாகிஸ்தான் போர் மூண்டபோது, காஷ்மீரின் தலைவர் காவலில் இருந்தது தமிழ்நாட்டு மலையில்.

அவரைப் பிடித்து வைத்தது இந்தியப் பாதுகாப்பு விதிகள். அதே விதிகளின் கீழ்தான், அந்த வருடம் பிப்ரவரியில், இந்தி எதிர்ப்புப் போராட்டத்துக்காகக் கருணாநிதி பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டார். ஒரே வருடம், ஒரே சட்டம், ஒரே மாநிலம். பிரிவினைக்கு எதிரான 16ஆம் திருத்தம் வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. திராவிட நாடு கோரிக்கையை அண்ணா கைவிட்டிருந்தார். மத்திய அரசின் அதிகாரம் பற்றி அவ்வளவு பேசிய, எழுதிய இயக்கத்தின் பண்பாட்டு நினைவில் கொடைக்கானல் காவல் ஏன் ஒரு வரியாகக்கூடத் தங்கவில்லை? தேனிலவுக்கு நாம் அங்கே போனது நினைவிருக்கிறது. காவலுக்கு அவர் இங்கே வந்தது மறந்துபோயிற்று.

1992இல் 'ரோஜா'. பள்ளத்தாக்கு அப்போது பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1990இல் பண்டிதர்கள் கூட்டம் கூட்டமாக வெளியேற நேர்ந்தது. ராணுவம் வீதிகளை எடுத்துக்கொண்டது. அங்கே படம் எடுக்க முடியாத நிலை. ஆகவே மணாலி, குன்னூர், ஊட்டி ஆகியவை காஷ்மீராக நடித்தன. எந்த மலையில் ஷேக்கைக் காவலில் வைத்தோமோ அதே நீலகிரி, காஷ்மீர் வேஷம் போட்டது. தேஜஸ்வினி நிரஞ்சனா 1994இல் இப்படம் பற்றி எழுதிய ஆங்கிலக் கட்டுரையின் தலைப்பிலேயே சுற்றுலாப் பயணியும் தீவிரவாதியும் அடுத்தடுத்து நிற்கிறார்கள். எனக்கு அந்த வரிசை முக்கியம். இந்த இரண்டு பாத்திரங்களுக்கும் நடுவில் குடிமகன் என்கிற பாத்திரத்துக்கு இடம் இல்லை.

4

2022இல் காரைக்குடியிலிருந்து ஒரு குழுவோடு நானும் போனேன். சமையல்காரரை இங்கிருந்தே கூட்டிக்கொண்டு போகிற ஏழுநாள் பயணம். பஹல்காமிலும் சாம்பார், ரசம். முன்கட்டண சிம் அங்கே வேலை செய்யாது என்று தெரிந்ததும் பேருந்தில் ஒரு முணுமுணுப்பு. ஒரு சோதனைச் சாவடியில் நின்ற வீரர் மானாமதுரைக்காரர். 'எந்த ஊர்ணே?' என்று அவர் கேட்டதும் வண்டியே குதூகலித்தது. தமிழ் அங்கே காவலாகவும் இருக்கிறது, பயணியாகவும் இருக்கிறது. திரும்பும்போது ஒரு ஆச்சி சொன்னார்: 'பேப்பர்ல போடுறதெல்லாம் பொய்யி தம்பி. எம்புட்டு அமைதியா இருக்கு பாரு.'

ஆச்சி பொய் சொல்லவில்லை. அவர் கண்டது அமைதிதான். ஆனால் அந்தக் காட்சியை ஏற்பாடு செய்தவர்களுக்கு வேண்டியதும் அந்த வாக்குமூலம்தான். 2019 ஆகஸ்ட் 2இல் சுற்றுலாப் பயணிகளும் அமர்நாத் யாத்ரிகர்களும் உடனே வெளியேறும்படி உத்தரவு வந்தது. மூன்று நாள் கழித்து சிறப்புநிலை நீக்கம். தொலைபேசி, இணையம் துண்டிப்பு. சாட்சிகளை வெளியே அனுப்பிவிட்டுக் காரியத்தை முடித்தார்கள். காரியம் முடிந்தபின் சாட்சிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2023 மே மாதம் ஜி-20 சுற்றுலாக் கூட்டம் ஸ்ரீநகரில் நடந்தது. 2024இல் ஜம்மு-காஷ்மீருக்கு 2.36 கோடிப் பேர் வந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. ஜம்முவில் வைஷ்ணவி தேவி கோயிலுக்கு வந்தவர்களும் அதில் அடக்கம். மக்களிடம் கேட்க வேண்டிய கேள்விக்குப் பயணிகளின் எண்ணிக்கை பதிலாக வைக்கப்பட்டது.

இப்படி எண்ணிக்கையாக மாற்றப்பட்ட பயணி, எதிர்த்தரப்பின் கண்ணிலும் எண்ணிக்கையாகிவிடுகிறான். 2018 மே மாதம் ஸ்ரீநகருக்கு வெளியே நார்பல் அருகில் கல்லெறியில் அடிபட்டு ஒரு சென்னை இளைஞர் இறந்தார். 2025 ஏப்ரல் 22இல் பஹல்காமின் பைசரன் புல்வெளியில் 26 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் உள்ளூர்க் குதிரைக்காரர். நிராயுதபாணிகளைத் தேர்ந்தெடுத்துக் கொன்ற அந்தச் செயலுக்கு எந்த விடுதலைச் சொல்லாடலும் போர்வையாக முடியாது. இதைத் தயங்காமல் சொல்ல வேண்டும். அதோடு இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 'எல்லாம் சரியாகிவிட்டது' என்ற வாக்கியத்துக்கு ஆதாரமாக அந்த மனிதர்களை அங்கே நிறுத்தியவர்களுக்கும் பொறுப்பு உண்டு. கொலைக்கு அடுத்த வாரம் பள்ளத்தாக்கின் 87 சுற்றுலா இடங்களில் 48 மூடப்பட்டன. பிழைப்பு போனது குதிரைக்காரர்களுக்கும் படகோட்டிகளுக்கும்.

5

2009க்குப் பிறகு ஏ-9 சாலை வழியே தெற்கிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் யாழ்ப்பாணம் போயின. புதுக்குடியிருப்பில் புலித் தலைவரின் நிலவறையை, 2013 அக்டோபரில் ராணுவம் தகர்க்கும் வரை, குடும்பம் குடும்பமாக வந்து பார்த்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அப்போது நமக்குக் கோபம் வந்தது. சாம்பல் ஆறாத இடத்தில் பிக்னிக்கா என்று கேட்டோம், பத்திரிகைகளில் எழுதினோம். அந்தப் பேருந்துகளில் இருந்த சிங்கள ஆச்சியும் ஊருக்குப் போய், 'எம்புட்டு அமைதியா இருக்கு' என்றுதான் சொல்லியிருப்பார். யாழ்ப்பாணத்தில் தெரிந்த ஒன்று ஸ்ரீநகரில் ஏன் நமக்குத் தெரியவில்லை?

போகாதே என்று நான் சொல்ல வரவில்லை. பகிஷ்கரிப்பு செய்தால் முதலில் காய்வது படகோட்டியின் அடுப்பு. எப்படிப் போவது, வந்து என்ன எழுதுவது என்பதே கேள்வி. 1921இல் நெற்குப்பையில் பிறந்த சோமலெ தமிழில் பயண எழுத்தை ஒரு துறையாகவே வளர்த்தவர். 'அமெரிக்காவைப் பார்' என்று தலைப்பு வைத்தவர். தகவல்களை அடுக்குகிற அவருடைய எழுத்தில் கலை குறைவு என்று ஒதுக்கியவர்கள் உண்டு. எனக்கு இப்போது அந்தப் பேரேட்டு மனம் தேவைப்படுகிறது. ஒரு ஊருக்குப் போனால் அங்கே யாரிடம் நிலம் இருக்கிறது, கூலி எவ்வளவு, பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள் என்று கேட்கிற மனம். அந்தப் பட்டியலில் காஷ்மீருக்காகச் சில கேள்விகளைச் சேர்க்கலாம்: இந்தச் சாவடியில் நம் வண்டியை விட்டுவிட்டு எந்த வண்டியை நிறுத்துகிறார்கள்? இந்தப் புல்வெளிக்கு வர முடியாத உள்ளூர்க்காரர் யார்? நம்மிடம் பேசும்போது படகுக்காரர் எந்த இடத்தில் குரலைத் தாழ்த்தினார்? இவற்றை எழுதிக்கொண்டு வருகிறவனை, அமைதிக்கு ஆதாரமாகக் கணக்கில் சேர்ப்பது கொஞ்சம் கஷ்டம்.