மையத்தடுப்பு இடைவெளி: வடசென்னைச் சரக்குச் சாலைகளில் கடக்கும் முறை

எதிரெதிர்ப் போக்குவரத்தை நடுவில் தடுப்பு கட்டிப் பிரித்த சாலையில், வலப்பக்கம் திரும்பவும், வந்த திசைக்கே திரும்பிப் போகவும், குறுக்கே கடக்கவும் விடப்பட்டிருக்கும் திறப்பே மையத்தடுப்பு இடைவெளி. வண்டியோட்டிகள் இதை மீடியன் கேப் என்பார்கள். பெரும்பாலும் வெறும் யூ-டர்ன் என்றே சொல்லிவிடுவார்கள். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், மணலி, எண்ணூர் ஆகிய வடசென்னைப் பகுதிகளில் இத்திறப்புகளைப் பயன்படுத்துவது மற்ற இடங்களைவிடக் கடினமானது. 16 மீட்டர் நீள கன்டெய்னர் டிரெய்லரும், பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிய ஷேர் ஆட்டோவும், மீன்பாடி வண்டியும் இங்கே ஒரே திறப்பில் திரும்பக் காத்து நிற்கின்றன.

சாலைகளும் போக்குவரத்தும்

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூரில் உள்ள காமராஜர் துறைமுகத்துக்கும் போகும் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி இந்த வட்டாரத்து நான்கைந்து சாலைகளில் அடங்கிவிடுகிறது. காசிமேட்டிலிருந்து கடலோரமாக வடக்கே போகும் எண்ணூர் விரைவுச் சாலை, மணலி எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைச் சாலை, மாதவரம் பக்கம் வரும் உள்வட்டச் சாலை, திருவொற்றியூர்–பொன்னேரி–பஞ்செட்டி சாலை ஆகியவற்றை எண்ணூர்–மணலி சாலை மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் அகலப்படுத்தினார்கள். தேசிய நெடுஞ்சாலை ஆணையம், தமிழ்நாடு அரசு, இரு துறைமுகங்கள் என நான்கு தரப்பும் சேர்ந்து செய்த வேலை அது. மொத்தம் சுமார் 30 கிலோமீட்டர். மாதவரத்தைத் தாண்டினால் செங்குன்றம், கும்மிடிப்பூண்டி வழியாகத் தடா போகும் கொல்கத்தா நெடுஞ்சாலை.

கொருக்குப்பேட்டையின் நிலை சற்று வேறு. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் சென்ட்ரல், கடற்கரை ரயில் நிலையங்களிலிருந்து வரும் தண்டவாளங்கள் இங்கேதான் சேருகின்றன. பயணிகள் ரயில், சரக்கு ரயில் என்று ஒன்று மாற்றி ஒன்று வருவதால் ரயில்வே கேட் இந்த ஊர்க்காரர்களின் அன்றாடத்தில் ஒரு பகுதி. கேட் மூடியிருக்கும்போது அதற்கு அப்பால் உள்ள சாலையில் எதிர்ப்பக்கம் வெறிச்சோடிக் கிடக்கும். திறந்ததும் தேங்கிய வண்டிகளெல்லாம் ஒரே கும்பலாகப் பாயும். வெறிச்சோடிய சாலையை நம்பி நிதானமாகத் திரும்பத் தொடங்குபவர் பாதி வழியில் அந்தக் கும்பலிடம் மாட்டிக்கொள்கிறார். கும்பல் முழுதும் கடந்த பிறகு கிடைக்கும் இடைவெளிதான் நம்பத்தக்கது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் சிக்கல் பார்வையைச் சேர்ந்தது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ பாதை இங்கே தூண்கள் மேல் போகிறது. அத்தூண்கள் சாலை நடுவே நிற்பதால், திரும்பக் காத்திருப்பவர் கண்ணுக்கு எதிரே வரும் பைக் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் நடுவே மறைந்து மறைந்துதான் தெரியும். ஒருமுறை பார்த்து முடிவெடுக்கக் கூடாத இடம் அது.

அகலக் கணக்கு

பலரும் செய்யும் தவறு, மையத்தடுப்புத் திறப்பைக் காத்திருக்கும் இடம் என்று எண்ணுவது. அது காத்திருக்கும் இடமா இல்லையா என்பதைத் தடுப்பின் அகலமும் வண்டியின் நீளமும்தான் முடிவு செய்யும். ஊருக்குள் தடுப்பின் அகலம் பல இடங்களில் ஒன்றேகால் மீட்டர்கூட இருக்காது. தேசிய நெடுஞ்சாலையில் அரளி வளர்த்திருக்கும் தடுப்பு ஐந்து மீட்டர் அளவில் இருக்கலாம். மோட்டார் சைக்கிளின் நீளம் ஏறத்தாழ 2 மீட்டர், சிறிய கார் 4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. 40 அடி கன்டெய்னரின் நீளம் மட்டும் 12.2 மீட்டர், இழுக்கும் வண்டியையும் சேர்த்தால் 16 மீட்டர் ஆகிவிடும்.

ஆகவே கொல்கத்தா நெடுஞ்சாலையில் குறுக்கே கடக்கும் கார் முதல் பாதியைக் கடந்து, தடுப்பின் நிழலில் நின்று, அடுத்த பாதியைப் பார்க்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் கடக்கும் டிரெய்லருக்கு அந்த வசதி இல்லை. அதன் தலை எதிர்ப்பாதையில் இருக்கும்போது வால் வந்த பாதையை அடைத்துக்கொண்டிருக்கும். தடுப்புக்குள் முழுதாக அடங்காத வண்டிக்கு இரண்டு பாதைகளும் சேர்ந்து ஒரே சாலைதான். இரண்டும் ஒருசேர காலியாகும்வரை முதல் சக்கரத்தைக்கூட உள்ளே வைக்கக் கூடாது. ஊருக்குள் இருக்கும் ஒல்லித் தடுப்புகளைப் பொறுத்தவரை இந்த விதி மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும்.

நேரத்தையும் கணக்கிட வேண்டும். சரக்கேற்றிய டிரெய்லர் நின்ற நிலையிலிருந்து கிளம்பி, 7 மீட்டர் அகல எதிர்ப்பாதையைத் தன் 16 மீட்டர் உடலோடு கடந்து முடிக்கக் குறைந்தது 10, 11 விநாடி பிடிக்கும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் ஏறத்தாழ 180 மீட்டர் வந்துவிடும். 80 என்றால் சுமார் 240 மீட்டர். பைக்காரருக்கு நான்கு விநாடி போதும், அதாவது 60 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் 70 மீட்டருக்கு அப்பால் இருந்தாக வேண்டும். எதிரே வருபவர் பிரேக் போட்டு நிற்கத் தேவையான தூரமாகச் சாலைப் பொறியாளர்கள் கொள்வது 60 வேகத்துக்கு 80 மீட்டர், 80-க்கு 120, 100-க்கு 180. மழை பெய்து டீசல் கசிந்த சாலையில் இந்த எண்கள் போதா.

டிரெய்லர் திரும்பும் விதம்

இந்த வட்டாரத்தில் இருசக்கர வண்டி ஓட்டுபவர் வேறெதைத் தெரிந்துகொள்ளாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். 40 அடி கன்டெய்னர் ஏற்றிய வண்டி ஒரே வீச்சில் யூ-டர்ன் அடிக்க 20 மீட்டருக்கு மேல் அகலம் வேண்டும். நான்கு வழிச் சாலையில் இரு பாதையும் தடுப்பும் சேர்ந்தால் 15, 16 மீட்டர்தான் வரும். அதனால் ஓட்டுநர் வலப்பக்கம் திரும்புவதற்கு முன் இடது ஓரமாக ஒதுங்கி, அங்கிருந்து ஒடிப்பார். பின்னால் வரும் பைக்காரர் லாரி வழி விடுகிறது என்று எண்ணி வலப்பக்கத்தில் நுழைகிறார். அடுத்த நொடி முன்பகுதி வலப்பக்கம் வளைகிறது. பின் சக்கரங்களோ முன் சக்கரங்கள் போன தடத்தில் போகாமல் உள்பக்கமாகக் குறுக்கி வருகின்றன. பைக் தடுப்புச் சுவருக்கும் அந்தச் சக்கரங்களுக்கும் நடுவில். திறப்பு நெருங்கும் இடத்தில் டிரெய்லர் இடப்பக்கம் ஒதுங்கினால் அதன் பின்னாலேயே நின்றுவிட வேண்டும், இண்டிகேட்டர் எரிந்தாலும் எரியாவிட்டாலும்.

ஓட்டுநர் பக்கமும் ஒரு குறை உண்டு. நம் நாட்டு வண்டிகளில் ஓட்டுநர் வலப்பக்கம் உட்காருகிறார். வண்டி திறப்பில் குறுக்காக வந்த பிறகு எதிர்ப்பாதை வண்டிகள் இடப்பக்கத்திலிருந்து வரும். உயரமான கேபினிலிருந்து அந்தப் பக்கம் பாதிகூடத் தெரியாது. கிளீனர் தலையை வெளியே நீட்டி ‘வா வா, போலாம்’ என்று குரல் கொடுத்த காலத்தில் அந்தக் குறையை இன்னொரு ஜோடிக் கண் ஈடுகட்டியது. செலவைக் குறைக்கக் கிளீனர் இல்லாமலே வண்டியை அனுப்பும் வழக்கத்தால், ஒரு பாதுகாப்பும் சேர்ந்தே போய்விட்டது. கிளீனர் இல்லாத டிரெய்லருக்குத் திறப்பில் திரும்புவதைவிட அடுத்த சிக்னல் வரை போய்த் திரும்புவதே சரி. டீசல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

கடக்கும் முறை

திரும்ப நினைப்பவர் திறப்புக்கு வெகு முன்பாகவே இண்டிகேட்டர் போட்டு, கண்ணாடி பார்த்து, படிப்படியாக வலது தடத்துக்கு வர வேண்டும். திறப்பின் ஓரமாகக் காத்திருப்புத் தடம் இருந்தால் வேகத்தை அதற்குள் போய்க் குறைக்கலாம். இல்லாவிட்டால் வேகமான தடத்திலேயே நிற்க வேண்டியிருக்கும் என்பதால், பிரேக் விளக்கைச் சிலமுறை எரியவிட்டுப் பின்னால் வருபவரை எச்சரிப்பது நல்லது. காத்திருக்கும்போது சக்கரங்கள் நேராக இருக்கட்டும். ஸ்டியரிங்கை முன்கூட்டியே வலப்பக்கம் ஒடித்து வைத்திருந்தால், பின்னால் ஒரு இடி போதும், வண்டி நேரே எதிர்ப்பாதையில் போய் விழும்.

ஒரு வண்டிக்குப் பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் ஓர் ஆட்டோ என்று திறப்பை அடைத்து நிற்பது நம் ஊர் வழக்கம். பக்கத்து வண்டி மறைப்பதால் யாருக்கும் எதிர்ப்பாதை தெரிவதில்லை; முதலில் நகர்ந்தவரை நம்பி மற்றவர்கள் நகர்கிறார்கள். இதே ஆபத்து எதிர்ப்பக்கத்திலும் உண்டு. துறைமுக வாசலுக்காக வரிசையில் நிற்கும் கன்டெய்னர் லாரிக்காரர் ஒருவர் கையசைத்து வழி விடுவார். அவர் நிற்கும் தடத்துக்கு மட்டும்தான் அந்தக் கையசைப்பு பொருந்தும். அவருக்கு அந்தப் பக்கத்துத் தடத்தில் லாரியின் மறைவில் வரும் பைக்கைப் பற்றி அவருக்கே தெரியாது. லாரியின் மூக்குவரை மெல்ல ஊர்ந்து, எட்டிப் பார்த்து, பிறகு போக வேண்டும்.

திரும்பி முடித்த வண்டி நுழைவது எதிர்ப்பாதையின் வேகமான தடத்தில். அங்கே ஆமை வேகத்தில் உருட்டாமல் வேகம் பிடித்து, பிறகு இண்டிகேட்டர் போட்டு இடப்பக்கம் மாற வேண்டும். எதிர் ஓரத்துப் பெட்ரோல் பங்குக்கோ டீக்கடைக்கோ ஒரே கோணலாக வெட்டிப் போவது பக்கவாட்டு இடிக்கு வழி.

நேராகப் போகிறவர் திறப்பை நெருங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடலாம். ஹெட்லைட்டை டிப் அடிப்பதற்கு ‘நான் வருகிறேன், நில்’ என்று ஒருவர் பொருள் கொள்வார், ‘நீ போ’ என்று இன்னொருவர் கொள்வார். இரவில் குறுக்கே நிற்கும் டிரெய்லரின் நடு உடல் இருட்டில் தெரியாது, அதன் இருபக்க விளக்கும் தூரதூரமாக இருக்கும். பக்கவாட்டில் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டாத வண்டி, இதனால்தான் கடற்கரை ஓரச் சாலையில் ஆளைக் கொல்கிறது.

சட்டமும் உடைத்த திறப்புகளும்

மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், 2017-இன்படி யூ-டர்ன் எடுப்பவர்தான் மற்றவர்களுக்கு வழிவிட வேண்டும். தடைப்பலகை உள்ள இடத்தில் திரும்பக் கூடாது. நான்கு வழி நெடுஞ்சாலைகளுக்கான இந்தியன் ரோடு காங்கிரஸ் கையேடு, இரு திறப்புகளுக்கு நடுவே 2 கிலோமீட்டராவது இருக்க வேண்டும் என்கிறது; 3.5 மீட்டர் அகலக் காத்திருப்புத் தடமும் கேட்கிறது. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1960-களிலிருந்தே சந்திப்புகளில் நேரடித் திருப்பத்தை நிறுத்தி, சற்றுத் தள்ளி அகலமான தடுப்பில் திறப்பு வைத்துத் திருப்பி அனுப்புகிறார்கள். சென்னையிலும் சந்திப்பை அடைத்து யூ-டர்னுக்கு அனுப்புகிறார்கள், ஆனால் மிச்சிகனில் உள்ள தடுப்பின் அகலம் இங்கே இல்லை.

திறப்புகள் தள்ளித்தள்ளி இருப்பதால் இரண்டு பழக்கங்கள் பிறக்கின்றன. தடுப்பின் கற்களைப் பெயர்த்து ஒரு பைக் நுழையும் அளவுக்கு வழி செய்வது ஒன்று. அதற்குப் பலகையும் இல்லை, விளக்கும் இல்லை, எதிரே வருபவர் அங்கிருந்து யாரும் முளைப்பார் என்று எதிர்பார்ப்பதும் இல்லை. மற்றது ராங் சைடில் வந்து திறப்பைப் பிடிப்பது. 2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள திருத்தத்தின்படி, போக்குவரத்துக்கு எதிர்த்திசையில் ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆம் பிரிவில் அபாயகரமாக ஓட்டும் குற்றமாகச் சேர்க்கப்பட்டுள்ளது. முதல் முறைக்கு ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ராங் சைடில் வருபவர் திறப்பை அடையும் நொடியில், திரும்பக் காத்திருப்பவர் பார்த்துக்கொண்டிருப்பது எதிர்ப்பாதை வண்டிகளை. தன் பாதையிலேயே எதிர்முகமாக ஒருவர் வருவது கடைசியில்தான் கண்ணில் படும்.