அச்சின் மேனி

1842 மே 8ஆம் நாள் வெர்சேல்சிலிருந்து பாரிஸ் திரும்பிய புகைவண்டியின் எஞ்சின் அச்சு முறிந்தது. பூட்டிய பெட்டிகளுள் சிக்கி ஐம்பதுக்கும் மேற்பட்டோர் தீயில் மாண்டனர். நாட்பட்ட அதிர்ச்சியால் இரும்பின் உள்ளியல்பே மாறிவிடுகிறது என்று பலர் நம்பினர். 1843இல் ஸ்காட்லாந்துப் பொறியாளர் ராங்கின், முறிந்த அச்சுகளை ஆராய்ந்து, வெடிப்பு மேற்பரப்பில், பருமன் திடீரெனக் குறையுமிடத்தில் தோன்றி, உள்நோக்கி வளர்வதைக் காட்டினார்.

ஆகவே உலோகத்தின் ஆயுள் அதன் மேனியைப் பொறுத்தது. கடைசலில் விழும் சிறு கீறலும் வெடிப்புக்கு வித்தாகலாம். அதைத் தேய்த்து மெருகிடுவது அழகுக்காக மட்டுமன்று.

1930களில் அமெரிக்காவில் ஆல்மென் முதலியோர், சிறு எஃகுக் குண்டுகளை வீசியடித்த சுருள்வில்கள் நெடுநாள் உழைப்பதைக் கண்டனர். அடிபட்ட மேற்புறம் விரிய முயலும்; உட்பகுதி அதனைத் தடுக்கும். இவ்வாறு நெருக்குண்ட மேனியில் வெடிப்பு எளிதில் வாய் திறவாது. முறிவு தொடங்கிய இடத்திலேயே காப்பும் அமைந்தது.