640 கிலோபைட் வேலி

நான்கு மெகாபைட் ரேம் உள்ள கணினி. இயங்கப் போவது ஒரேயொரு கேம். ஆனாலும் நினைவகம் போதாது என்று திரை சொல்கிறது. 1990களின் தொடக்கத்தில் டொஸ் பாவித்தவர்களுக்கு இது பழகிப்போன விசயம். ஜிகாபைட் கணக்கில் ரேம் உள்ள போன்களோடு திரிகிற எங்களுக்குப் பகிடி மாதித் தெரியலாம். இருக்கிற நினைவகம் எப்படிப் போதாமல் போனது? பதிலுக்கு 1981க்குப் போகவேண்டும்.

அந்த ஆண்டு ஓகஸ்டில் ஐபிஎம் தன்னுடைய பீசியை வெளியிட்டது. அதிலிருந்த இன்டெல் 8088 சிப்புக்கு 20 முகவரிக் கம்பிகள்தான். ஆகவே 1,048,576 பைட், அதாவது ஒரு மெகாபைட்டுக்கு அப்பால் அதால் எதையும் சுட்ட ஏலாது. அந்த இடத்தை ஐபிஎம் பங்கு பிரித்தது. கீழ்ப்பக்கம் 640 கிலோபைட் டொஸ்ஸுக்கும் புரோகிராம்களுக்கும். மேல்பக்கம் 384 கிலோபைட் திரை, பயோஸ், செருகும் அட்டைகளுக்கு. அடிப்படை மாடலே 16 கிலோபைட்டோடு விற்கப்பட்ட காலத்தில் 640 என்பது பெரிய காணி.

அடுத்த வருசமே 16 மெகாபைட் வரை சுட்டக்கூடிய 80286 சிப் வந்தது. ஆனால் வேலி விழவில்லை. சனம் காசு கொடுத்து வாங்கிய டொஸ் புரோகிராம்கள் எல்லாம் பழைய சிப்பை நம்பி எழுதப்பட்டவை. ஒரு மெகாபைட்டைத் தாண்டினால் முகவரி திரும்பவும் பூச்சியத்துக்கு வரும் என்பதைக்கூடச் சில புரோகிராம்கள் நம்பியிருந்தன. அவற்றுக்காக 1984இல் வந்த ஐபிஎம் ஏடி கணினியில் 21ஆவது கம்பிக்கு ஒரு கதவு போட்டார்கள். அதைத் திறந்து மூடும் வேலை, விசைப்பலகையைக் கவனிக்கும் சிப்பிடம் போனது!

பிறகு ஒட்டுக்கு மேல் ஒட்டு. 1985இல் லோட்டஸ், இன்டெல், மைக்ரோசொஃப்ட் மூன்றும் சேர்ந்து, 64 கிலோபைட் ஜன்னலொன்றின் ஊடாக மேலதிக நினைவகத்தைத் துண்டு துண்டாக எட்டிப்பார்க்கும் முறையைக் கொண்டுவந்தன. 1991இல் டொஸ் 5, தன்னுடைய பெரும்பகுதியையே ஒரு மெகாபைட்டுக்குச் சற்று மேலே நகர்த்திக்கொள்ளப் பழகியது. 386 கணினி என்றால், மேலேயுள்ள 384இன் வெற்று இடைவெளிகளுக்குள் மவுஸ், சிடி டிரைவர்களையும் ஏற்றலாம்.

ஏற்ற வேண்டியது யார்? பாவனையாளர்தான். ‘மெம்’ கட்டளையைப் போட்டு எது எவ்வளவு இடம் பிடிக்குது என்று பார்க்கவேணும். கொன்ஃபிக்.சிஸ் கோப்பைத் திறந்து வரிகளின் ஒழுங்கை மாற்றவேணும். பெரிய டிரைவரை முதலில் ஏற்றாட்டி, பிறகு அதற்கு இடைவெளி கிடைக்காது. பிறகு ரீஸ்டார்ட், திரும்ப மெம். அதிலும் சிக்கல்: 1992இல் வந்த ‘அல்டிமா 7’ கேம் தனக்கென்று சொந்த நினைவக முறை வைத்திருந்தது. டொஸ்ஸின் இஎம்எம்386 ஏறியிருந்தால் அது ஓடாது. ஆகவே கேமுக்கு ஒரு பூட் டிஸ்க், மற்ற வேலைக்கு இன்னொன்று.

இந்த வரலாற்றைச் சொல்பவர்கள் பலர் பில் கேட்ஸில் பழியைப் போட்டு முடித்துவிடுவார்கள். 640 எவருக்கும் போதும் என்று அவர் சொன்னாராம். அவரே அதை மறுத்திருக்கிறார். சொன்னதற்கு நம்பத்தகுந்த ஆதாரமும் கிடையாது. ஒரு தனிமனிதரின் குறுகிய பார்வை என்று கதையை முடிப்பது லேசு. ஆனால் நாங்கள் மேலே பார்த்த ஒவ்வொரு முடிவும் அந்தந்த நேரத்தில் நியாயமானதுதான். பழைய புரோகிராம்களைக் கைவிட்டிருந்தால் அவற்றை வாங்கியவர்கள் நட்டப்பட்டிருப்பார்கள். கைவிடாததால், எல்லோருடைய வீட்டிலும் கொன்ஃபிக்.சிஸ்ஸோடு மல்லுக்கட்டும் இரவுகள் மிஞ்சின.

எங்கட போன்களிலும் இப்படியான பழைய வேலிகள் இருக்கும். அடுத்தமுறை ஒரு செயலி காரணமில்லாமல் முரண்டு பிடித்தால், யாருடைய முட்டாள்தனம் என்று கேட்க முதல், யாருடைய வசதிக்காக இது இன்னும் இப்படியே இருக்கு என்று கேட்டுப்பார்ப்போம்.