கரமா, கட்டணமா, தண்டமா? கழிவுநீருக்கு யார் பணம் தருவது என்பதன் சிறு வரலாறு

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைச் சிற்றூர்களில் தமிழ் பேசும் வீடுகளிலும் குடிநீருக்குச் செலுத்தும் பணம் ‘வெள்ளக்கரம்’ என்றே வழங்குகிறது. களியக்காவிளையைக் கடந்தால் அதுவே ‘குடிநீர்க் கட்டணம்’. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அலுவல்மொழிகள் பிரிந்தன, பணத்தின் பெயரும் இரண்டாக நிற்கிறது. மொழியியல் மாணவன் என்ற முறையில் இதை வெறும் வட்டார வழக்காகவே முதலில் குறித்துக்கொண்டேன். கழிவுநீரின் கணக்கைப் படித்த பிறகுதான், இவை இருவேறு கொள்கைகளின் பெயர்கள் என்பது விளங்கிற்று.

கரம் என்பது வரி. ஒருவர் பெற்ற பயனை அளந்து அது கேட்கப்படுவதில்லை. கட்டணமோ ஒரு சேவைக்கு ஈடாகத் தரப்படுவது. இந்த வேறுபாட்டை உச்ச நீதிமன்றம் 1954இல் சீரூர் மடம் வழக்கில் தெளிவுபடுத்தியது. சென்னை மாகாண அறநிலையச் சட்டத்தைப் பற்றிய அந்தத் தீர்ப்பே பின்னாளில் இத்தகைய வழக்குகள் பலவற்றுக்கும் அளவுகோலாயிற்று.

சென்னையில் இவ்விரண்டும் ஒரே வாரியத்தால் வசூலிக்கப்படுகின்றன. 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த சென்னைப் பெருநகர்க் குடிநீர் வழங்கல் மற்றும் கழிவுநீரகற்று வாரியம், கட்டடத்தின் ஆண்டு மதிப்பில் 7 விழுக்காட்டைக் குடிநீர், கழிவுநீரகற்று வரியாகப் பெற்றுவந்துள்ளது. நீர்க் கட்டணம் அதற்குப் புறம்பானது. அதாவது, நகரத்தின் குழாய்களைப் பேணும் பொறுப்பு சொத்தின் மீதும், பயன்பாட்டின் விலை பயனாளர் மீதும் வைக்கப்பட்டன.

தொழிற்சாலைகளின் கதை வேறு. 1977ஆம் ஆண்டு நீர்த் தீர்வைச் சட்டம், குறிப்பிட்ட தொழில்களிடமும் உள்ளாட்சிகளிடமும் அவை பயன்படுத்திய நீருக்கு கிலோலிட்டருக்குச் சில பைசா வீதம் வசூலித்தது. நஞ்சு கலக்கும் பயன்பாட்டுக்கு வீதம் கூடுதல். சுத்திகரிப்பு நிலையம் அமைத்தவர்க்குத் தள்ளுபடி. ஆயினும் ஆலைக்கு உறைக்காத அளவுக்கு அது சிறு தொகை. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அதுவும் மறைந்தது. தீர்வை செய்யாததைத் தண்டம் செய்ய முயன்றது. வேலூர்த் தோல் பதனிடும் ஆலைகள் பற்றிய வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நெறியை நிலைநிறுத்தி, ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் தண்டம் விதித்தது. ஆனால் தண்டம் எப்போதும் கிணறு கெட்ட பிறகே வருகிறது.

இனி எல்லைச் சிற்றூர்களுக்குத் திரும்புவோம். திருவனந்தபுரம் நகரின் ஒரு பகுதிக்கு மன்னராட்சிக் காலத்திலேயே பாதாளச் சாக்கடை வந்தது. இன்று முட்டத்தறையில் நாளொன்றுக்கு 10.7 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. பாறசாலைக்கு அந்தக் குழாய் வரவில்லை. இங்கு வீட்டுக்கு வீடு குழியோ தொட்டியோதான். அது நிறைந்தால் டேங்கர் லாரியை அழைத்து, நடைக்கு இவ்வளவு என்று கொடுக்கிறார்கள். இது கரமன்று, கட்டணமன்று, தண்டமுமன்று; வெறும் வாடகை. வாடகை கழிவை வீட்டு வாசலிலிருந்து அகற்றுவதற்கு மட்டுமே. அது எங்கே கொட்டப்படுகிறது என்பது அந்தத் தொகைக்குள் அடங்காது. இரவில் ஓடையில் கொட்டப்பட்டால், மீதிச் செலவை ஓடைக்குக் கீழேயுள்ள கிணற்றுக்காரர் நோயாகச் செலுத்துகிறார்.

ஆகவே இப்பகுதிக்கென ஒரு சுத்திகரிப்பு ஏற்பாடு வரும் நாளில், எவ்வளவு என்பதற்கு முன் எந்தச் சொல் என்று கேட்க வேண்டும். எல்லாவற்றையும் கட்டணமாக்கினால், அதைத் தவிர்க்க ஏழை வீடு தொட்டியை ஆண்டுக்கணக்கில் திறக்காது. நீர் மண்ணுக்குள் கசியும். எல்லாவற்றையும் கரமாக்கினால், நாள்தோறும் பல்லாயிரம் லிட்டர் வெளியேற்றும் மண்டபமும் விடுதியும் எளிதில் தப்பும். தொட்டியிலிருந்து அகற்றுவதற்குக் கட்டணம், சுத்திகரிப்பதற்குக் கரம் என்று பிரிப்பதே நியாயம் என்பது என் கருத்து. ஒரு வீட்டின் குழியும் அடுத்த வீட்டின் கிணறும் ஒரே மண்ணில் இருக்கும் ஊரில், தூய்மை தனியொருவர் வாங்கும் சேவையாக இருக்க இயலாது. அந்தப் பொதுப் பொறுப்பைச் சொல்லும் சொல்லை எல்லை மக்கள் ஏற்கெனவே நாவில் வைத்திருக்கிறார்கள்.

கழிவுநீருக்கான பணத்தைக் குறிக்க உங்கள் ஊரில் வழங்கும் சொல் எது? அறிந்தவர்கள் எழுதினால் என் சொற்பட்டியலில் நன்றியுடன் சேர்த்துக்கொள்வேன்.